ஆபத்து இரு மடங்கு என்றால் எத்தனை பேருக்கு? மருத்துவ ஆய்வுகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்கு ஓர் அவசரக் கடிதம் அனுப்பியது. மூன்றாம் தலைமுறை எனப்படும் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறையும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்பது அதன் சாரம். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் ‘இரு மடங்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. பயந்துபோன பெண்கள் பலர், யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

அந்த ‘இரு மடங்கு’ எவ்வளவு தெரியுமா? பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு இரத்தம் உறைந்தது. புதிய வகையில் 7,000 பேருக்கு இருவர். இத்தனைக்கும், கர்ப்பகாலத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எண் சரிதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் தெரிந்துகொள்ள விரும்பியது ‘எனக்கு எவ்வளவு ஆபத்து’ என்பதை. அவளுக்குக் கிடைத்ததோ ‘இதைவிட அது எத்தனை மடங்கு’ என்ற கணக்கு.

மருத்துவ ஆய்வுச் செய்திகளை வாசிப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகையில் அடங்கும் என்பது என் எண்ணம். ஆய்வு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கும். நாம் அதை வேறொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அதில் மருந்தை நிறுத்துகிறவர்களும் உண்டு, தேவையில்லாத மருந்தைத் தொடங்குகிறவர்களும் உண்டு. அதனால்தான் இதை விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது

சதவீதம் வந்தவுடன் ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு?’ என்று கேளுங்கள். 2002-இல் வெளியான விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்றது. அதே முடிவை இப்படியும் சொல்லலாம்: ஓராண்டில் 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்திருக்கவேண்டியது 38 பேருக்கு வந்தது. இரண்டும் ஒரே உண்மை. முதலாவது பதற வைக்கிறது, இரண்டாவது யோசிக்க வைக்கிறது.

நல்ல செய்திக்கும் இதே கணக்குதான். கடுமையாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 53,454 பேர் பங்கேற்ற நம்பகமான ஆய்வு அது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 309 மரணம் என்றிருந்தது 247 ஆனது. அதற்காக, சிறிய எண் என்றால் அற்பம் என்று தள்ளிவிடவும் கூடாது. லட்சக்கணக்கானோர் சாப்பிடும் மாத்திரையில் 10,000 பேருக்கு எட்டு என்பது பெரிய எண்ணிக்கை. தனி ஒருவரின் முடிவுக்கு ஒரு கணக்கு, ஒரு நாட்டின் கொள்கைக்கு வேறு கணக்கு.

கவனித்துப் பார்த்ததையும் சோதித்துப் பார்த்ததையும் ஒன்றாக்குவது

மேலே சொன்ன ஹார்மோன் ஆய்வுக்கு முன்பு, பல்லாயிரம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கிறது என்றே காட்டியிருந்தன. மாத்திரை யாருக்கு, மருந்தே இல்லாத போலி மாத்திரை யாருக்கு என்று குலுக்கல் முறையில் பிரித்து 16,608 பெண்களைச் சோதித்தபோது, மாரடைப்பு குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. தாமாக ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவர்கள், உடலைக் கவனித்துக்கொள்கிறவர்கள். அந்த வேறுபாடு மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிட்டது என்பது ஒரு விளக்கம். வயது இன்னொன்று: குலுக்கல் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற உடனே தொடங்குகிற பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது என்ற விவாதம் அப்புறம் நெடுங்காலம் நடந்தது.

காய்கறி, பழங்களில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்திலும் இதைப் பார்த்தோம். காய்கறி, பழம் நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதைக் கண்டு, அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ‘தொடர்பு காணப்பட்டது’ என்று செய்தி எழுதியிருந்தால், அங்கே யாரும் யாருக்கும் எதையும் கொடுத்துச் சோதிக்கவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பரிசோதனை அறிக்கையின் எண்ணை உயிராக நினைப்பது

இது மருத்துவர்களையே ஏமாற்றிய தவறு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத்தில் ஒழுங்கற்ற கூடுதல் துடிப்புகள் வருவதுண்டு. அவை அதிகம் உள்ளவர்கள் திடீரென இறப்பதும் அதிகம். அப்படியானால் அந்தத் துடிப்பை மருந்தால் அடக்கினால் உயிர் பிழைக்கும் அல்லவா? எவருக்கும் நியாயமாகத் தோன்றும் வாதம்தான். என்கைனைட், ஃபிளெக்கைனைட் என்ற மருந்துகள் துடிப்பை அழகாக அடக்கின. ஈ.சி.ஜி. சுத்தமாக வந்தது. ஏராளமானோருக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

பிறகு யாரோ சரியான கேள்வியைக் கேட்டார்கள்: ஆட்கள் பிழைக்கிறார்களா? காஸ்ட் என்ற ஆய்வு, இந்த மருந்தால் துடிப்பு அடங்கிய நோயாளிகளையே எடுத்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தது. சராசரியாகப் பத்து மாதம் கவனித்ததில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 1991-இல் வெளிவந்த இந்த எண்களை இன்றும் நிதானமாகப் படிக்க முடிவதில்லை. ஈ.சி.ஜி. சரியாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்.

சர்க்கரை அளவு, எலும்பு அடர்த்தி, ஸ்கேனில் கட்டியின் அளவு ஆகியவையும் இப்படி உடல்நிலையைக் குறிக்கும் அடையாளங்கள்தான். சில அடையாளங்கள் நம்பத் தகுந்தவை. இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் குறைகிறது என்பது திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட ஒன்று. புதிய மருந்தைப் பற்றிப் படிக்கும்போது எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். மரணம், மாரடைப்பு, எலும்பு முறிவு, வலி இவற்றை எண்ணினார்களா, அல்லது ஆய்வக அறிக்கையில் வரும் எண்ணை மட்டும்தானா?

எதனுடன் ஒப்பிட்டார்கள் என்று கேட்காமல் விடுவது

மருத்துவமனைகள் இயங்கும் விதத்தை ஆராயும் ஆய்வுகளில் இந்தத் தவறு மிக அதிகம். ‘புதிய திட்டம் வந்தபின் மருத்துவமனைச் சேர்க்கை பாதியானது’ என்று படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத் திட்டம் இதற்குப் புகழ்பெற்றது. திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருபவர்களைக் கண்டுபிடித்து, வீடு திரும்பிய பிறகு செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் நேரில் போய் மருந்து, மருத்துவச் சந்திப்பு, அரசு உதவி எல்லாவற்றுக்கும் துணை நின்றார்கள். சேர்க்கை குறைந்தது. நாடெங்கும் பாராட்டினார்கள். பல ஊர்களில் பின்பற்றவும் தொடங்கினார்கள்.

பாராட்டு குவிந்த நிலையிலும் அந்த அமைப்பு தன் திட்டத்தைக் குலுக்கல் சோதனைக்கு ஒப்புக்கொடுத்தது. அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். 800 நோயாளிகள், இரண்டு குழுக்கள். 2020 ஜனவரியில் முடிவு வந்தது. 180 நாட்களுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 61.7 சதவீதம். திட்டத்தில் இருந்தவர்களின் சேர்க்கை குறைந்தது உண்மை. திட்டத்தில் இல்லாதவர்களுக்கும் அதே அளவு குறைந்ததுதான் விஷயம்.

ஏன் அப்படி? மிக மோசமான கட்டத்தில் இருக்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த சில மாதங்களில் அவர் நிலை பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் தேறிவரும். சளி உச்சத்தில் இருக்கும்போது குடித்த கஷாயத்துக்கு, தானாகத் தணிந்த சளியின் பெருமையும் சேர்ந்துவிடுவது போல. ஒப்பிட இன்னொரு குழு இல்லையென்றால் இதைப் பிரித்துப் பார்க்கவே வழியில்லை. வீடு தேடிப் போய்ப் பார்த்ததால் அந்த மனிதர்களுக்கு என்ன ஆறுதல் கிடைத்தது என்பது தனிக் கேள்வி. சேர்க்கை விகிதம் அதற்குப் பதில் சொல்லாது.

அறுவை சிகிச்சையிலும் ஒப்பீடு முக்கியம். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் துளையிட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒருகாலத்தில் சர்வசாதாரணம். செய்துகொண்டவர்கள் வலி குறைந்தது என்றே சொன்னார்கள். 2002-இல் வந்த ஆய்வில், 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டார்கள். அவர்களுக்கும் அதே அளவுக்கு வலி குறைந்தது.

கடிதம் அனுப்பியதும் சிகிச்சை செய்ததும்

2022 அக்டோபரில் ‘கொலோனோஸ்கோபி உயிரைக் காப்பதில்லை’ என்ற பொருளில் தலைப்புகள் பரவின. போலந்து, நார்வே, ஸ்வீடனில் 55 முதல் 64 வயது வரையுள்ள 84,585 பேரிடம் நடந்த ஆய்வு அது. ஒரு பகுதியினருக்குப் பெருங்குடல் பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைப்பு போனது, மற்றவர்களுக்குப் போகவில்லை. பத்து ஆண்டில் பெருங்குடல் புற்றுநோய் அழைக்கப்பட்டவர்களில் 0.98 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 1.20 சதவீதம். அந்தப் புற்றுநோயால் மரணம் 0.28, 0.31 சதவீதம். மரண வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான்.

அழைக்கப்பட்டவர்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 42 சதவீதம் மட்டுமே என்பது தலைப்பில் இல்லை. அதாவது இந்த ஆய்வு கேட்டது, ஊருக்கெல்லாம் அழைப்பு அனுப்பினால் என்ன ஆகும் என்று. சுகாதாரத் துறை அதிகாரிக்கு அதுதான் சரியான கேள்வி. நாளைக்குப் பரிசோதனைக்குப் போகலாமா என்று யோசிப்பவரின் கேள்வி வேறு. சரி, வந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிடலாமே என்றால், அதுவும் ஆபத்து. தானாக வருகிறவர்கள் ஏற்கெனவே வேறு மாதிரியானவர்கள், ஹார்மோன் மாத்திரைப் பெண்களைப் போல. ஆய்வாளர்கள் அதற்குத் திருத்தம் செய்து போட்ட மதிப்பீட்டில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அது மதிப்பீடு என்ற எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும். மெதுவாக வளரும் இந்தப் புற்றுநோய்க்குப் பத்து ஆண்டு என்பது குறுகிய காலமும்கூட.

யாருக்குப் பலன் என்பதைக் கவனிக்காமல் விடுவது

கோவிட் காலத்தில் ரெக்கவரி என்ற ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதம் என்றிருந்தது, மருந்து கொடுத்தவர்களிடம் 29.3 ஆகக் குறைந்தது. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களில் மருந்து பெற்றவர்கள் 17.8 சதவீதமும் பெறாதவர்கள் 14.0 சதவீதமும் இறந்தார்கள். அவர்களுக்குப் பலன் இல்லை, ஒருவேளை கெடுதல்கூட இருக்கலாம் என்று அந்த எண்கள் சொல்கின்றன. ‘கோவிடுக்கு ஸ்டீராய்டு’ என்று சுருக்கிப் புரிந்துகொண்டு வீட்டிலேயே சாப்பிட்டவர்கள், தங்களைப் பற்றிய வரியைப் படிக்கவே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. குழுவைக் கூறுபோட்டுக்கொண்டே போனால் எங்காவது ஏதாவது தென்பட்டுவிடும். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுத்த ஐசிஸ்-2 ஆய்வில் (1988, 17,187 பேர்) இதை எடுத்துக்காட்டவே ஆய்வாளர்கள் ராசிவாரியாகப் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலனளிக்கவில்லை என்று வந்தது! ரெக்கவரியில் ஆக்சிஜன் தேவையை வைத்துப் பிரிப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள், மருத்துவக் காரணமும் இருந்தது. ராசிக்கு இரண்டும் இல்லை. பிரிவு வாரியான முடிவைப் பார்த்தால் இந்த இரண்டையும் தேடுங்கள்.

முதலிலேயே எழுதி வைப்பதன் பலம் சாதாரணமானதல்ல. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதியளித்த பெரிய ஆய்வுகளை 2015-இல் அலசினார்கள். எதை அளக்கப்போகிறோம் என்று முன்பதிவு செய்யும் நடைமுறை வருவதற்கு முன், அதாவது 2000-க்கு முன், 30-இல் 17 ஆய்வுகள் மருந்துக்குச் சாதகமாக முடிந்தன. அதற்குப் பிறகு 25-இல் இரண்டுதான்.

ஒரே ஆய்வை நம்பி ஓடுவது பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஐ.சி.யு.வில் சர்க்கரையை மிகக் கறாராகக் கட்டுப்படுத்தினால் மரணம் குறைகிறது என்று 2001-இல் ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு காட்டியது. உலகமே பின்பற்றியது. 2009-இல் பல மருத்துவமனைகளில் 6,104 பேரிடம் சோதித்தபோது, கறாராகக் கட்டுப்படுத்தியவர்களில் 27.5 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 24.9 சதவீதம்.

கடைசியாக, படிக்கிற கட்டுரை இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்காமல் பகிர்வது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அதை அந்த இதழ் திரும்பப் பெற்றது 2010-இல். கோவிடுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி 2020 மே மாதம் அதே இதழில் வந்த கட்டுரையோ இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அடிப்படைத் தரவை யாராலும் சரிபார்க்க முடியவில்லை. ஆனாலும் அதற்குள் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தது. கட்டுரையின் தலைப்பை ஆய்விதழின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். திரும்பப் பெற்றிருந்தால் பொதுவாக அந்தப் பக்கத்தின் உச்சியிலேயே எழுதியிருப்பார்கள்.