இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உடல் பருமனுக்கு ஜிபியிடம் போகும் முன்

வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஓடுகிற ஓட்டத்தில் ஜிபியிடம் (நம் பகுதிக் குடும்ப டாக்டர்) பதிவதைத் தள்ளிப்போடுவது நம்மாட்கள் வழக்கம். எடை ரொம்ப அதிகமாக இருந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பதிவதற்குக் காசு கிடையாது, முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. உங்களில் பலர் விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்தீர்கள், அப்புறம் என்ன தயக்கம்?

பிஎம்ஐ கணக்கு தெரியும்தானே, எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுப்பது. 40-ஐத் தொட்டால் தீவிர உடல் பருமன். ஆனால் தெற்காசியர்களுக்கு எடை அவ்வளவு ஏறுவதற்கு முன்பே சர்க்கரையும் இதயக் கோளாறும் வந்துவிடுவதால், இங்கே சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் நமக்கு அந்த எல்லையை 2.5 குறைத்து 37.5 என்று வைத்திருக்கிறது. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 109 கிலோ என்பது 102 ஆகிறது. இடையில் 105 கிலோவில் நிற்பவர், நமக்கு இன்னும் அந்த அளவு வரவில்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பதிவுப் படிவத்தில் இனம் கேட்கும் இடத்தை அதனால்தான் காலியாக விடாதீர்கள். இலங்கையர்களுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டம் இருக்காது, ‘வேறு ஆசியப் பின்னணி’ என்பதைக் குறியுங்கள்.

ஜிபியிடம் கிடைப்பது பத்து நிமிடம் போல. ஊரில் சாப்பிட்ட மாத்திரைகளின் பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஊரில் 7 சதவீதம் என்று வந்தது இங்கே 53 என்று வரும், பதறாதீர்கள், அலகுதான் வேறு. குறட்டை, பகலில் தூங்கி விழுவது இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறாக இருக்கலாம். சிகிச்சைத் தகுதி பார்க்கும்போது அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

முதலில் சாப்பாடு, நடை என்றுதான் ஆரம்பிப்பார்கள். உணவு ஆலோசகரிடம் ‘கொஞ்சம் சோறு’ என்று சொல்லிப் பயனில்லை, எத்தனை கப், தேங்காய்ச் சட்னி எத்தனை கரண்டி, காபிக்கு எவ்வளவு சீனி என்று எழுதிக் காட்டுங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை வந்து 6 ஆண்டுக்குள் என்றால், 12 வாரம் சூப்பும் ஷேக்கும் மட்டும் குடிக்கும் என்ஹெச்எஸ் (அரசுச் சுகாதாரச் சேவை) திட்டம் ஒன்று இருக்கிறது; கடினம்தான், ஆனாலும் விசாரியுங்கள்.

எல்லோரும் கேட்கும், எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசிக்கு வருவோம். 2025 ஜூனில் ஜிபி வழியாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் கட்டத்தில் பிஎம்ஐ 40 (நமக்கு 37.5), கூடவே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய், கொலஸ்ட்ரால் கோளாறு, அந்தத் தூக்கக் கோளாறு ஆகிய ஐந்தில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். கட்டம் கட்டமாகத்தான் விரிக்கிறார்கள், இப்போதைய நிலையை ஜிபியிடமே கேளுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் பதிவுபெற்ற பார்மசியில் மட்டும், வாட்ஸ்அப்பில் விற்கிறவரிடம் வேண்டவே வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஊசி தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் அந்த மாத்திரையின் பலன் குறையலாம்.

எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு நமக்கு பிஎம்ஐ எல்லை 37.5, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி இருந்தால் 32.5. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னப் பை ஒன்று அமைத்துக் குடலோடு இணைப்பார்கள். பைபாஸ் செய்தவர் கல்யாண வீட்டில் முழு ஜாங்கிரி சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று அன்றைய விசேஷமே போய்விடும், ‘ஒண்ணே ஒண்ணு’ என்று வற்புறுத்தும் சித்தி, மாமிகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். இரண்டு ஆண்டு ஆஸ்பத்திரி பார்க்கும், பிறகு வருடாவருடம் ரத்தப் பரிசோதனை, வாழ்நாள் முழுக்க வைட்டமின். செலவு குறைவு என்று ஊரில் செய்துகொண்டு வருபவர்கள் இந்தப் பின்கவனிப்பில்தான் தடுமாறுகிறார்கள், ஆபரேஷன் குறிப்புகளை ஆங்கிலத்தில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் இலவசம் இல்லை, ஜிபியைப் பார்க்கலாம், ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குப் பில் வரும். இங்கிலீஷில் தயக்கம் இருப்பவர்கள் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அதற்கும் காசு கிடையாது, பள்ளிக்குப் போகிற பிள்ளையை லீவ் போட வைத்து அழைத்துப் போக வேண்டாம்.