பிஆர் விண்ணப்பமா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

சிங்கப்பூரில் எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருப்பவர்கள் நிரந்தரவாசத்துக்கு (பிஆர்) சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியாக ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் பெரிய விஷயமில்லை. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ்' என்று ஒற்றை எழுத்து. கல்யாணச் சான்றிதழில் அந்த எழுத்துகூட இருக்காது. எனக்கு அப்படித்தான், மனைவியின் பெயரில் ஒரு 'எச்' வேறு கூடுதல்! மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்க ஊரில் அண்ணன் ரெண்டு நாள் அலைந்தார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே இதை முடித்துவிடுங்கள்.

பழைய பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். நீங்களே மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டால் செல்லாது; தூதரகமோ நோட்டரியோ சான்றளிக்க வேண்டும்.

கம்பெனி நிரப்பித் தரவேண்டிய இணைப்புப் படிவத்தைக் கடைசியாகக் கேளுங்கள். முதலிலேயே வாங்கினால், மற்ற தாள்கள் சேர்வதற்குள் அது பழசாகிவிடும். எச்ஆரிடம் மறுபடி போய் நிற்க யாருக்குப் பிடிக்கும்?

விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. முடிவு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

மகனையும் சேர்த்து விண்ணப்பிக்கிறீர்களா? பிஆர் கிடைத்தால் அவனுக்குத் தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற படைகளில் கட்டாயப் பணி, உண்டு. அதை வீட்டில் பேசிவிட்டு அனுப்புங்கள்.