யூஎஸ்ஏ ஹாக்கி: தட்ட வேண்டிய கதவு எது?

பிள்ளையை ஐஸ் ஹாக்கியில் சேர்த்த முதல் வருடம் அமெரிக்கப் பெற்றோர் பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கோச் பையனை மூன்றாவது லைனில் (மாறி மாறி இறங்கும் ஆட்டக்காரர் குழுக்களில் பின்வரிசை) போட்டுவிட்டார், ஆட இறக்குவதே அபூர்வம் என்று கொதித்துப்போய், இரவோடு இரவாக நாட்டின் ஐஸ் ஹாக்கியை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான யூஎஸ்ஏ ஹாக்கிக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதுவார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள அந்தத் தலைமையகம் அதில் தலையிடாது. யார் எத்தனை நிமிடம் ஆடுவது என்பது கிளப்பின் விவகாரம்.

முதலில் கிளப், அதற்கு மேல் லீக், அப்புறம் ஒரு மாநிலத்தையோ சில மாநிலங்களையோ பார்த்துக்கொள்ளும் 'அஃபிலியேட்' எனப்படும் கிளை அமைப்பு. இப்படி நாடு முழுக்க 34 உண்டு. புகார் இந்தப் படிகளில்தான் ஏற வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வரிசையைப் பார்க்கவே கூடாது. பாலியல் அத்துமீறல் என்றால் போலீஸுக்கும், விளையாட்டில் நடக்கும் அத்துமீறல்களை விசாரிக்க 2017இல் தொடங்கிய 'சேஃப்ஸ்போர்ட்' மையத்துக்கும் நேராகப் போக வேண்டும். அந்த மையம் யூஎஸ்ஏ ஹாக்கிக்குக் கட்டுப்பட்டதல்ல. "கிளப்புக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கவே வேண்டாம்.

அடுத்து, தொலைக்காட்சியில் வரும் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் விதிகளை வைத்துக்கொண்டு ரெஃப்ரியைத் திட்டுவது. இது ஏறக்குறைய எல்லா ரிங்க்கிலும் (ஐஸ் ஆடுகளம்) நடக்கும். அணியில் ஒருவன் பெனால்ட்டி பெட்டியில் உட்கார்ந்திருக்கிறான். ஆள் குறைவு. நெருக்கடியில் தடுப்பாட்டக்காரப் பையன் 'பக்' எனப்படும் ரப்பர் வட்டை எதிர்முனை வரைக்கும் ஓங்கி அடித்துத் தள்ளுகிறான். விசில். ஐசிங்! தன் பாதியிலிருந்தே பக்கை இப்படி எதிர்முனைக்கு அனுப்பும் குற்றம் அது. கேலரியில் ஒரு அப்பா எழுந்து நின்று கத்துகிறார். தொலைக்காட்சியில் இது குற்றமே இல்லையே! அங்கே இல்லைதான். ஆனால் 14 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிரிவுகளில், ஆள் குறைவாக ஆடினாலும் ஐசிங் ஐசிங்தான் என்று 2017இல் யூஎஸ்ஏ ஹாக்கியின் விதி வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தள்ளாமல், பக்கைக் கையாளப் பழகட்டும் என்பது எண்ணம். தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் விதிகள் வேறு. கல்லூரி ஆட்டத்துக்கும் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதிகள் தனி.

எட்டு வயதுக்குட்பட்ட பிரிவில் ரிங்க்கின் குறுக்கே ஆட விடுவதைப் பார்த்து, "முழு ஐஸுக்குத்தானே காசு கட்டினோம்" என்று குமுறுபவர்களும் உண்டு. ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். அந்த நீளத்தில் ஏழு வயதுக் குழந்தை ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பக்கைத் துரத்துவதிலேயே கழிக்கும். குறுக்கே ஆடினால் பக் அடிக்கடி அதன் மட்டைக்கு வரும். யூஎஸ்ஏ ஹாக்கி 2009இல் கொண்டுவந்த பயிற்சித் திட்டத்தின் அடிப்படையே இதுதான். எனக்கும் முதலில் ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

பாடி செக்கிங், அதாவது பக் வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தடுக்கும் விஷயத்திலும் ஒரு குழப்பம். 2011இல் அதை 11–12 வயதுப் பிரிவிலிருந்து எடுத்து, 13–14 வயதில் தொடங்கும்படி மாற்றினார்கள். உடனே சின்னப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தொடவே கூடாது என்று புரிந்துகொண்டவர்கள் பலர். தோளோடு தோள் நின்று பக்குக்குப் போட்டியிடுவதை அந்த வயதிலேயே சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

'அமெச்சூர்' என்ற சொல்லை வைத்து யூஎஸ்ஏ ஹாக்கியைக் குறைத்து எடைபோடுவதும் தவறு. 1937இல் தொடங்கியபோது பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. 1991இல் அதை எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஆட வரும் நாற்பது வயதுக்காரரும் இதில் பதிவு செய்கிறார். 1998இல் நகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன அமெரிக்க என்ஹெச்எல் வீரர்களும் இந்த அமைப்பு அனுப்பிய அணிதான். 2017இல் உலக சாம்பியன்ஷிப்பில் ஆட மாட்டோம் என்று அமெரிக்கப் பெண்கள் அணி ஊதியத்துக்காகப் போராடியதும் இந்த அமைப்போடுதான். கடைசி நேரத்தில் உடன்பாடு வந்தது, போய்த் தங்கமும் வென்றார்கள்.

ஒரு நாட்டுக்கு ஏன் ஒரே அமைப்பு என்று கேட்பவர்களுக்கு 1948 செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்ஸ் போதும். இரண்டு சங்கங்களின் சண்டையில் அமெரிக்காவிலிருந்து இரண்டு ஹாக்கி அணிகள் வந்து இறங்கின. தொடக்க விழாவில் அணிவகுத்தது ஒன்று, ஐஸில் ஆடியது இன்னொன்று.

கடைசியாக, காசு சம்பந்தப்பட்டது. வருடாந்தரப் பதிவை அடையாள எண் வாங்கும் சடங்காக நினைத்துத் தள்ளிப்போடுவார்கள். அந்தப் பதிவில்தான் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அதுவும் இரண்டாம்பட்சம்: முதலில் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு கொடுக்கும், மிச்சத்துக்குத்தான் இது. போன சீசன் பதிவு முடிந்து, புதியதைப் போடாமல் "ஒரு பயிற்சிதானே" என்று பையனை இறக்கிவிட்டால் அன்றைக்கு அவனுக்கு அதுவும் கிடையாது. கோச்சுக்கு உதவி செய்கிறேன் என்று ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஐஸில் இறங்கும் அப்பாவும் முதலில் பதிவு, பின்னணிச் சோதனை, சேஃப்ஸ்போர்ட் பயிற்சி மூன்றையும் முடித்திருக்க வேண்டும். அதுவரை அவருக்கு இடம் கண்ணாடிக்கு வெளியேதான்.