ஊரிலிருந்து மரப் பாலிஷ் கொண்டுவருகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், மரவேலை பழக வருகிறவர்களில் ஒருவராவது கேட்டுவிடுவார்: "அண்ணே, ஊருக்குப் போறேன். பாலிஷ் ரெண்டு போத்தல் வாங்கிட்டு வந்துடவா?" சிங்கப்பூரில் நல்ல பாலிஷ் கிடைக்காது என்ற எண்ணம் நம் ஆட்களிடம் ஊறிப்போயிருக்கிறது. புதியவர்கள் ஒவ்வொருவரும் அதே பாதையில் போய் அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மூடியை இறுக்குவது, உப்புத்தாளைத் தேக்கின் ரேகையோடு ஓட்டுவது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மது போத்தல் கணக்கைப் பாலிஷுக்குப் போடுவது

"விமானத்துல அஞ்சு லிட்டர் வரைக்கும் சாராயம் விடுறாங்க, பாலிஷ்லயும் அதே ஆல்கஹால்தானே?" என்று கேட்பார்கள். அந்த 5 லிட்டர், கடையில் விற்ற நிலையிலேயே மூடியிருக்கும் மதுவுக்கு மட்டும் உரியது. அதிலும் ஆல்கஹால் 24 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். நாம் சொல்லும் பாலிஷ், ஸ்பிரிட் என்ற செறிவான ஆல்கஹாலில் அரக்கைக் கரைத்தது. அந்த ஸ்பிரிட் அந்த வரம்பைத் தாண்டியது, குடிக்கும் பொருளும் அல்ல. வார்னிஷ், லேக்கர், தின்னர், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு எல்லாம் அனைத்துலக விதியில் 'பெயின்ட்' என்ற ஒரே தலைப்பில், யூஎன் 1263 என்ற எண்ணில், எளிதில் தீப்பற்றும் திரவமாக வருகின்றன. பயணி அவற்றைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கறைக்குப் போகும் பெட்டியிலும் வைக்க முடியாது. 100 மில்லி போத்தலில் ஊற்றினாலும் இதே பதில்தான்.

ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலின் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ள சுமார் 13 டிகிரி செல்சியஸ் வெப்பமே போதும். நம் வீட்டுக் கூடம் எப்போதும் அதைவிடச் சூடாகத்தான் இருக்கிறது.

பெயரை மாற்றி அனுப்புவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இது.

என்னிடம் பழகிய ஒரு தம்பி, காரைக்குடியிலிருந்து தாத்தாவின் தேக்கு ஊஞ்சல் பலகையைக் கொண்டுவந்திருந்தான். அதைப் பழைய மெருகுக்குக் கொண்டுவர வேண்டும் என்று துடித்தான். ஊர் ஆசாரி கலந்து கொடுத்த பாலிஷைத் தண்ணீர் போத்தலில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தான். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்தார்கள், போத்தல் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். சொந்தக்காரர் ஒருவர் 'மர எண்ணெய்' என்று எழுதிக் கூரியரில் அனுப்பிவைத்தார். "ஸ்கேன்ல தெரியாதாம் அண்ணே" என்று தம்பி சொன்னபோது எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல.

1973 நவம்பர் 3ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பான் ஆம் 160 என்ற சரக்கு விமானம், பாஸ்டனில் தரையிறங்க முயன்றபோது விழுந்தது. அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். நைட்ரிக் அமிலப் போத்தல்களைச் சுற்றி மரத்தூளை அடைத்துப் பெட்டி கட்டியிருந்தார்கள். கசிந்த அமிலம் மரத்தூளோடு சேர்ந்து கிளப்பிய புகை விமானி அறையை நிறைத்தது என்றே விசாரணையில் கருதினார்கள். நம் பட்டறையில் தினமும் கூட்டித் தள்ளும் மரத்தூள்! உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் சரக்கை ஏற்றுகிறவர் அதை எங்கே வைப்பது, எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று முடிவெடுக்க முடியும். பெயரை மாற்றி எழுதுகிறவர் அந்த முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார்.

அந்தப் பொட்டலம் பல வாரம் எங்கெங்கோ கிடந்து வெயிலில் வெந்து வந்து சேர்ந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டால் அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். இரண்டும் மெல்ல வினைபுரிந்து, பூசினாலும் இறுகாத பசையாகிவிடும், வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். தம்பி அதை அப்படியே பலகையில் பூசினான். நாள் கணக்காகியும் விரல் ஒட்டியது. கடைசியில் எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டியதாயிற்று. பழைய பூச்சும் கூடவே போயிற்று, பல தலைமுறை உட்கார்ந்து ஏறிய நிறமும் போயிற்று. அதை எந்தப் பாலிஷாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இத்தனை பாடும் எதற்காக? அந்தப் போத்தலில் தீப்பிடிக்கக்கூடிய பகுதி ஸ்பிரிட். அது ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்ற பெயரில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஊரிலிருந்து வர வேண்டியது அவலரக்கு, அதாவது அவல்போல் செதிலாக இருக்கும் அரக்கு மட்டுமே. காய்ந்த செதிலாக இருக்கும்வரை அது தீப்பற்றும் திரவங்களின் பட்டியலில் வராது. கடைச் சீட்டோடு, பிரிக்காத பொட்டலமாகப் பெட்டியில் வையுங்கள். கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அவலரக்கு போட்டால் கைப்பூச்சுக்கு நல்ல பதம். அரைக் கிலோ இருந்தால் இரண்டு லிட்டர் பாலிஷ் ஆகிவிடும். முதல் பூச்சுக்கு அதில் பாதி அரக்கு போதும். கலக்கிய நாளைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். பழையதாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் பூசாதீர்கள். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்திருக்கலாம் என்பதால் கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். செதிலும் நம் வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், நாள்பட்டால் கரையாமலும் போகும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நீண்ட நாள் நிற்கும்.

ஸ்பிரே டின்

கொண்டுவராதீர்கள். முடிக்கும் தோலுக்கும் அடிக்கும் ஸ்பிரேக்கு உள்ள சலுகை லேக்கர் ஸ்பிரேக்குக் கிடையாது.

'எண்ணெய்தானே' என்று நம்புவது

கலப்பில்லாத டங் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் 200 டிகிரிக்கு மேல்தான் பற்றும். ஆனால் டேனிஷ் ஆயில் என்றும் டங் ஆயில் ஃபினிஷ் என்றும் விற்கும் பலவற்றில் ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான் கலந்திருக்கிறது. அது 40 டிகிரியை ஒட்டியே பற்றும். விதியில் கோடு 60 டிகிரி, அதற்குக் கீழே பற்றினால் தீப்பற்றும் திரவம்தான். முகப்புச் சீட்டில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாளை இறக்கி, 9ஆம் பகுதியில் பற்றும் வெப்பநிலையையும் 14ஆம் பகுதியில் போக்குவரத்து வகையையும் பாருங்கள். அதுவும் குழப்பமாக இருந்தால், இங்கேயே கிடைக்கும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் பூச்சு வாங்கிவிடுங்கள். சாப்பாட்டு மேசைக்கு நான் அதைத்தான் பூசுகிறேன், சூடான பாத்திரத்துக்கு அரக்கு தாங்காது. மரத்தைத் துடைத்து ஈரமாக்கி, காயவைத்து, எழும்பிய நாரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள்.

ஸ்பிரிட்டுக்குப் பதில் தின்னர், டர்பன்டைன்

அரக்கு டர்பன்டைனில் கரையாது. லேக்கர் தின்னரையும் நம்ப வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் தண்ணீர் அதிகம், பூச்சு வெளுத்துவிடும்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்

மரத்தில் இறுகாது. தூசியைப் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும்.

விடிகாலையில் பூசுவது

ஊரில் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கும் பழக்கம் நல்லதுதான். இங்கே விடியும் முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், காலையில் பூசிய அரக்கில் வெள்ளைப் புகை படிந்ததுபோல் தெரியும். நண்பகலுக்குப் பிறகு, மழை மேகம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பூசுங்கள். வெளுத்துவிட்டால் காய்ந்த நாளொன்றில், ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் மேலாக ஓட்டுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எண்ணெய்த் துணியைக் குப்பைக் குழாயில் போடுவது

ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டை வெளிவிடும். கசக்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பே காட்டாமல் துணி பற்றிக்கொள்ளும். வீவக புளோக்கில் அது உங்கள் வீட்டோடு நிற்காது. தாழ்வாரத்தில் குவித்துவைப்பதும் கூடாது. துணியைத் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் முக்கி மூடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் சிமென்ட் தரையில் விரித்து, அட்டைபோல விறைக்கும்வரை காயவிடுங்கள்.