சிப்பாய், கைதி, ஏழை: இங்கிலாந்துப் பதிவேடுகளில் மூதாதையரைத் தேடுவது எப்படி?

பணக்காரர் என்றால் உயிலும் பத்திரமும் விட்டுப் போயிருப்பார். கூலிக்காரரைப் பற்றி அரசாங்கம் விரிவாக எழுதியது பெரும்பாலும் அவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது, திருடி மாட்டியபோது, சோற்றுக்கு வழியில்லாமல் நின்றபோதுதான். உங்கள் வம்சத்தில் ஆங்கிலேயப் பாட்டனார் யாராவது இருந்தால் (நம்மூர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு) இந்த மூன்று பக்கமும் தேடுங்கள்.

முதலில் அவர் பிறந்த வருடத்தையும் ஊரையும் ஓரளவு பிடித்துக்கொள்ளுங்கள். 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, இறப்புப் பதிவு இருக்கிறது, 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைகொடுக்கும். இது இல்லாமல் இறங்கினால் ஜான் ஸ்மித்துகளுக்கு நடுவே தொலைந்துபோவீர்கள்.

அடுத்து பட்டாளம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 (வார் ஆபீஸ், அதாவது போர்த்துறை) என்ற வரிசையில் சிப்பாய்களின் பணிக் கோப்புகள் இருக்கின்றன, 1760 முதல் 1913 வரை. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். பிறந்த ஊர், பழைய தொழில், உயரம், கண் நிறம், எந்தெந்த நாட்டில் எத்தனை வருடம், ஏன் அனுப்பிவிட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். ஆனால் 1883 வரையிலான கோப்புகளில் பென்ஷன் பெற்று வெளியேறியவர்கள்தான் வருவார்கள், பணியிலேயே செத்தவரை இங்கே தேடாதீர்கள். முதல் உலகப்போர்க் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயின.

குற்ற வழக்கா? லண்டன் என்றால் அங்குள்ள ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குகளைத் தரும் ஓல்டு பெய்லி ஆன்லைன் தளம், 1674 முதல் 1913 வரை, இலவசம். மற்ற ஊர்களுக்கு எச்.ஓ. 27 (ஹோம் ஆபீஸ், அதாவது உள்துறை) பதிவேடுகள், 1805 முதல் 1892 வரை. பெயர், குற்றம், தண்டனை, அவ்வளவுதான். பெயர் ஒத்துப்போனதும் துள்ளிக் குதிக்க வேண்டாம், வயதையும் ஊரையும் ஒப்பிடுங்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது, ஏழைகளின் பதிவுகள். 1662 சட்டப்படி, உதவி கேட்கும் ஏழையை எந்த பாரிஷ், அதாவது எந்த சர்ச் வட்டாரம், தாங்க வேண்டும் என்று நீதிபதிகள் சத்தியம் வாங்கி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் பழகினாய், எந்த முதலாளியிடம் முழு வருடம் வேலை பார்த்தாய், கல்யாணம் எப்போது, பிள்ளைகள் யார் யார்? எழுதப் படிக்கத் தெரியாதவரின் சுயசரிதையே அந்தத் தாளில் கிடைத்துவிடும், கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறியோடு.

1834க்குப் பிறகு என்றால் ஏழை விடுதிகளின் சேர்க்கைப் பதிவேட்டையும் பாருங்கள். இவற்றில் பல இன்னும் இணையத்துக்கு வரவில்லை, மாவட்டக் காப்பகங்களில்தான் கிடக்கின்றன. பெயர், உத்தேச வருடம், பாரிஷ் மூன்றையும் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளியேற்ற உத்தரவு (ஏழையை அவரைத் தாங்க வேண்டிய பாரிஷுக்குத் திருப்பி அனுப்பும் ஆணை) இருந்தால் அனுப்பிய பாரிஷ், ஏற்ற பாரிஷ் இரண்டிலும் கேளுங்கள், ஒன்றில் தொலைந்தது மற்றதில் இருக்கலாம்.