சேல்ஸ்ஃபோர்ஸ் யூனிட் டெஸ்ட்டில் பயனர் அனுமதிகளைச் சோதிப்பது எப்படி?

சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழியான ஏபெக்ஸில் எழுதிய கோடு இயல்பாக சிஸ்டம் மோடில் ஓடுகிறது. இயக்குபவருக்கு இந்த ஆப்ஜெக்ட்டை (தரவு அட்டவணையை) பார்க்க உரிமை உண்டா, அந்த ஃபீல்டைத் திருத்த உரிமை உண்டா என்று அது கேட்பதே இல்லை. டெஸ்ட்டை வேறொரு பயனரின் பெயரில் ஓட்டும் 'சிஸ்டம்.ரன்ஆஸ்' போட்டுவிட்டால் எல்லா அனுமதியும் சோதிக்கப்பட்டுவிடும் என்று பலரும் நம்புவது இதை மறப்பதால்தான். ரன்ஆஸ் ஆளை மாற்றும், மோடை மாற்றாது. சிஸ்டம் மோடில் எழுதிய குவெரி, எந்த உரிமையும் இல்லாத பயனரின் பெயரில் ஓடினாலும் எல்லா ஃபீல்டையும் எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆகவே டெஸ்ட்டைத் தொடும் முன் கோடைச் சரிபாருங்கள். கிளாஸில், ரெக்கார்டு பகிர்வு விதிகளை மதிக்கச் செய்யும் 'வித் ஷேரிங்' இருக்க வேண்டும். குவெரியில் 'வித் யூசர்_மோடு', சேமிக்கும் இடத்தில் 'இன்சர்ட் ஆஸ் யூசர்' அல்லது 'அப்டேட் ஆஸ் யூசர்' வர வேண்டும். அப்போது குவெரியும் சேமிப்பும் யூசர் மோடில், அதாவது பயனரின் உரிமைகளைச் சரிபார்த்தே ஓடும்; 2023 ஸ்பிரிங் வெளியீட்டிலிருந்து இந்த யூசர் மோடு எல்லோருக்கும் கிடைக்கிறது. பழைய கோடில் 'ஸ்ட்ரிப்இன்ஆக்சசிபிள்' இருந்தால் டெஸ்ட் வேறு மாதிரி அமையும்: அது பிழை எறியாமல் உரிமையில்லாத ஃபீல்டை மட்டும் சத்தமில்லாமல் கழற்றிவிடும். அங்கே பிழைக்காகக் காத்திருக்காமல், சேமித்த ரெக்கார்டில் அந்த ஃபீல்டு காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பயனரை உருவாக்குதல்

ஒவ்வொரு பயனருக்கும் அடிப்படை உரிமைகளைத் தருவது ப்ரொஃபைல்; இங்கே 'மினிமம் ஆக்சஸ் - சேல்ஸ்ஃபோர்ஸ்' ப்ரொஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டாண்டர்டு யூசர்' வேண்டாம். அதில் ஏற்கெனவே பல உரிமைகள் உள்ளதால், எந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. பயனர் பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல், 8 எழுத்துக்கு மிகாத அலியாஸ், ப்ரொஃபைல் ஐடி, நேர மண்டலம், லொக்கேல், மொழி, மின்னஞ்சல் என்கோடிங் ஆகிய ஒன்பதையும் நிரப்புங்கள். பயனர் பெயர் உங்கள் ஆர்கில் (உங்கள் நிறுவனத்தின் சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில்) மட்டுமல்ல, சேல்ஸ்ஃபோர்ஸ் முழுவதிலும் வேறு யாருக்கும் இருக்கக்கூடாது. மில்லிசெகண்டு நேரத்தை அதோடு ஒட்டிவிடுங்கள்.

அடுத்து பர்மிஷன் செட், அதாவது ப்ரொஃபைலுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் உரிமைகளின் தொகுப்பு. உங்கள் ப்ராஜெக்ட்டோடு சேர்ந்து டெப்ளாய் ஆகும் உண்மையான பர்மிஷன் செட்டைப் பெயரால் தேடி, அதையே பயனருக்குக் கொடுப்பதுதான் நல்லது. நாளை யாராவது அதிலிருந்து ஓர் உரிமையை எடுத்துவிட்டால் டெஸ்ட் உடைய வேண்டும், அதற்குத்தானே எழுதுகிறோம். டெஸ்ட்டுக்குள்ளேயே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தால் இரண்டு விஷயங்கள் கவனத்தில் இருக்கட்டும். ஆப்ஜெக்ட் உரிமையில் எடிட் கொடுத்தால் ரீடும் கொடுக்க வேண்டும், டிலீட் கொடுத்தால் இரண்டும் வேண்டும். கட்டாய ஃபீல்டுகளுக்கும் மாஸ்டர்-டீட்டெயில் ஃபீல்டுகளுக்கும் ஃபீல்டு உரிமை வரிசை சேர்க்க முடியாது. முயன்றால் இன்சர்ட்டே தோற்கும்.

இந்தக் கட்டத்தில் 'மிக்ஸ்டு டிஎம்எல்' பிழை அடிக்கடி வரும் (டிஎம்எல் என்பது இன்சர்ட், அப்டேட் போன்ற சேமிப்புக் கட்டளைகள்). பயனரும் பர்மிஷன் செட் ஒதுக்கீடும் செட்டப் ஆப்ஜெக்ட்டுகள், அதாவது ஆர்கின் அமைப்பைச் சேர்ந்தவை. அக்கவுன்ட் போன்ற சாதாரண ரெக்கார்டோடு ஒரே டிரான்ஸாக்‌ஷனில் அவற்றைச் சேமிக்க முடியாது. இப்போது உள்நுழைந்திருக்கும் பயனரின் ஐடியை வைத்தே ஒரு ரன்ஆஸ் பிளாக் போட்டு, செட்டப் வேலையை அதற்குள் முடியுங்கள். மற்ற ரெக்கார்டுகளை அதற்கு வெளியே உருவாக்குங்கள்.

மறுக்கப்படுவதைச் சோதித்தல்

உரிமை உள்ளவருக்கு வேலை நடக்கிறது என்ற டெஸ்ட் எளிது. உரிமை இல்லாதவருக்கு நடக்கவில்லை என்ற டெஸ்ட்டில்தான் கோட்டை விடுகிறோம். பர்மிஷன் செட் இல்லாத பயனரை ரன்ஆஸில் வைத்து, டிரை பிளாக்கில் மெத்தடை அழையுங்கள். அதற்கு அடுத்த வரியிலேயே 'அசெர்ட்.ஃபெயில்' இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், பிழையே வராதபோதும் டெஸ்ட் பச்சையாகிவிடும். அசெர்ட் எறியும் பிழையை கேட்ச் பிடிக்காது என்பதால் அதை டிரைக்குள் வைப்பதில் ஆபத்தில்லை.

கேட்சில் பொதுவான 'எக்செப்ஷன்' போடாதீர்கள். எங்கோ ஒரு நல் பாயின்டர் (வெற்று மதிப்பைத் தொட்டதால் வரும் பிழை) விழுந்தாலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று டெஸ்ட் சொல்லிவிடும். குவெரிக்கு 'குவெரிஎக்செப்ஷன்', சேமிப்புக்கு 'டிஎம்எல்எக்செப்ஷன்' என்று குறிப்பாகப் பிடியுங்கள். யூசர் மோடில் ஃபீல்டு உரிமை இல்லாதபோது வரும் செய்தி, அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்பது போல இருக்கும். எழுத்துப்பிழை என்று நினைத்து ஃபீல்டு பெயரைத் தேடிக் களைத்துப்போகிறவர்கள் உண்டு. செய்தி வாசகத்தை ஒப்பிடுவதைவிட, 'கெட்இன்ஆக்சசிபிள்ஃபீல்ட்ஸ்' தரும் பட்டியலில் உங்கள் ஃபீல்டு இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியானது.

கஸ்டம் பர்மிஷனுக்கு (நீங்களே பெயரிட்டு உருவாக்கும் உரிமைக்கு) 'ஃபீச்சர்மேனேஜ்மென்ட்.செக்பர்மிஷன்' போதும், இரு பயனர்களிலும் ஓட்டிப் பாருங்கள்.

ரெக்கார்டு பகிர்வைச் சோதிக்கும்போது, அட்மின் உருவாக்கிய ரெக்கார்டு மற்ற பயனருக்கு 0 வரிசையாக வர வேண்டும் என்று எழுதுவோம். அந்த ஆப்ஜெக்ட்டின் ஆர்க் அளவிலான பகிர்வு இயல்புநிலை 'பிரைவேட்' ஆக இருந்தால்தான் இது நிற்கும். பர்மிஷன் செட்டில் 'வியூ ஆல்' இருந்தாலும் பகிர்வு விதி பொருட்படுத்தப்படாது.

ஒவ்வொரு ரன்ஆஸும் 150 டிஎம்எல் வரம்பில் ஒன்றைத் தின்னும், லூப்புக்குள் வைக்காதீர்கள்.

எல்லாம் பச்சையானதும் கோடில் 'வித் யூசர்_மோடு' வரியை மட்டும் நீக்கி மறுபடி ஓட்டுங்கள். மறுப்பு டெஸ்ட் சிவப்பாக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த டெஸ்ட் இதுவரை எதையும் சோதிக்கவில்லை. அசெர்ட் வரியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.