வார்டு அலமாரியும் மருந்து ஸ்டோரும் ஒரே கணக்கில் இயங்குவதற்கு

ஸ்டோரிலிருந்து ஓர் ஊசிமருந்து வார்டுக்குப் போன உடனேயே மருந்தாளுநரின் பதிவேட்டில் அது செலவாகிவிடுகிறது. வார்டிலோ அது பிரிக்கப்படாத பெட்டியில் அப்படியே இருக்கிறது. மருந்து காலாவதியாவதும், ஒரு வார்டில் குவிந்து கிடக்கும்போதே அடுத்த வார்டில் இல்லாமல் போவதும் பெரும்பாலும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு, 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்குகள் வழியாக மருந்து வழங்குகிறது. எடுக்கும் மருந்தின் மதிப்பு அந்தந்த மருத்துவமனையின் பாஸ்புக்கில் ஒதுக்கீட்டிலிருந்து கழிக்கப்படுவதால், ஒரு வார்டு தேவைக்கு மேல் வாங்கி வைப்பது மற்ற எல்லா வார்டுகளின் பங்கையும் குறைக்கிறது.

முதல் வேலை, ஒவ்வொரு மருந்துக்கும் வார்டில் இருக்க வேண்டிய உச்ச அளவை மருந்தாளுநரும் வார்டின் தலைமைச் செவிலியரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வதாகும். ஒரு வார்டில் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் 1 கிராம் குப்பி நாளொன்றுக்குச் சராசரியாக 20 செலவாகிறது, வாரத்தில் இரண்டு நாட்கள் இண்டென்ட் (ஸ்டோரிடம் மருந்து கேட்டு எழுதும் சீட்டு) போகிறது, இரண்டு இண்டென்ட்டுகளுக்கு இடையில் அதிகபட்சம் 4 நாட்கள் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாட்களுக்கு 80, கையிருப்புக்காக இன்னும் இரண்டு நாட்களுக்கு 40, ஆக மொத்தம் 120 குப்பிகளே உச்ச அளவு. இண்டென்ட் எழுதும் நாளில் அலமாரியில் 35 இருந்தால் 85 கேட்டால் போதும். இதற்காக இண்டென்ட் புத்தகத்தில் ‘கேட்பது’ என்ற கட்டத்துக்கு முன்னால் ‘இருப்பது’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்; அந்தக் கட்டம் காலியாக வந்தால், போன முறை எழுதியதையே பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அறியலாம். காய்ச்சல் பரவும் மாதங்களில் செலவு மாறும் என்பதால், இந்த அளவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மீண்டும் பார்ப்பது நல்லது.

வார்டில் மருந்தைப் பதுக்குவதாகச் செவிலியரைக் குறை சொல்வதற்கு முன்னால், அவர் ஏன் சேர்த்து வைக்கிறார் என்று கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஸ்டோர் பூட்டியிருக்க, கேட்ட மருந்து கைக்குக் கிடைக்காமல் போன ஓர் அனுபவமே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆகவே இரவுத் தேவைக்கென ஒரு பொது அலமாரியை வைத்து, அதன் சாவி யாரிடம் இருக்கும், எடுத்ததை எதில் எழுத வேண்டும், காலையில் யார் நிரப்புவார் என்பவற்றை மருந்தாளுநர் எழுத்தில் தர வேண்டும். இந்த உறுதி இல்லாத இடத்தில் எந்த உச்ச அளவும் நிலைக்காது.

காலாவதி விஷயத்தில், முதலில் வந்ததை முதலில் எடுப்பதைவிட முதலில் காலாவதியாவதை முதலில் எடுப்பதே சரியான முறை. பின்னர் வந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) முன்னரே காலாவதியாகும் நிலையும் உண்டு. மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் மருந்தாளுநர் எல்லா வார்டுகளுக்கும் அனுப்ப, செவிலியர் தம்மிடமுள்ள எண்ணிக்கையை அதிலேயே குறித்துத் திருப்பினால், மெதுவாகச் செலவாகும் வார்டிலிருந்து வேகமாகச் செலவாகும் வார்டுக்கு மருந்தை மாற்ற அவகாசம் கிடைக்கும்.

குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டியவர் செவிலியர். அளவு தவறினால் மருந்தைப் பயன்படுத்தலாமா என்று சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர். உறைந்துபோன இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும், பயன்படாது. ஆகவே அதை ஐஸ் உறையும் அறையை ஒட்டி வைக்கக் கூடாது. திறந்த குப்பியின் மேல் திறந்த தேதியை எழுதுவதற்கு ஒரு பேனா போதும், ஆனால் அதிகமாக மறக்கப்படுவது அதுதான்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் தேவைப்படுவது ஒன்றுபோல் தோன்றும் ஆம்ப்யூல்களில்தான் (ஊசிமருந்து அடைத்து மூடிய சிறு குப்பிகள்). அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக இரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம். அதன் ஆம்ப்யூல் ஊசிக்கான சுத்த நீரின் ஆம்ப்யூலைப் போலவே இருந்துவிட்டால், மங்கிய வெளிச்சத்தில் கண்ணை நம்ப முடியாது. அதைப் பொது வார்டுகளில் வைக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற சில இடங்களில் மட்டும், தனிப் பெட்டியில், சிவப்பு ஒட்டுச்சீட்டுடன் வைக்க இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்த நிறுவனம் மாறும்போது அதே மருந்து வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வரும். அதை முதலில் பார்ப்பவர் மருந்தாளுநர் என்பதால், புதிய ஆம்ப்யூல் ஒன்றையும் பழையது ஒன்றையும் சேர்த்து வார்டுக்கு எடுத்துச் சென்று காட்டுவது அவர் கடமை. சுற்றறிக்கையைவிட இது பலன் தரும்.

மார்ஃபின் போன்றவற்றுக்கு 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டமும் 2014 திருத்தமும் பொருந்துவதால், பூட்டிய பெட்டி, தனிப் பதிவேடு ஆகியவற்றில் விலக்கு இல்லை; இரண்டு கையொப்பங்களும் வேண்டும். ஆம்ப்யூலில் மீதியானதை அழிக்கும்போதும் சாட்சியாக இன்னொருவர் இருக்க வேண்டும்.

இவற்றை எல்லாம் நடத்திச் செல்ல, வாரத்தில் ஒரு நாள், டியூட்டி மாறும் நேரத்தைத் தவிர்த்து, இருவரும் அலமாரியின் முன் சேர்ந்து நிற்பது போதும். எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. அவசர டிராலியை முழுமையாகவும், மற்றவற்றில் விலை கூடிய பத்து மருந்துகளையும் எண்ணினால் அரை மணி நேரத்துக்குள் முடியும். வீடு திரும்பிய நோயாளிக்கென எடுத்து, பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கும் குப்பிகளை அப்போதே திரும்பப் பெற்று, பேட்ச் எண்ணுடன் இரு பதிவேடுகளிலும் வரவு எழுதிவிட வேண்டும்.